அரை மணி நேரம் கழித்துச் சொல்லுங்கள்

மனித குலத்தில் ஒரு கிளை உண்டு. சமையல்காரரும் இல்லை, வைத்தியரும் இல்லை, ரசாயன வாத்தியாரும் இல்லை. ஆனால் மூவருடைய அலட்டலையும் மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்தவர்கள். அத்தர் இளக்கிகள் என்று அவர்களுக்குப் பெயர் வைப்போம். கடையில் வாங்கிய அத்தரைக் கடைக்காரர் கொடுத்தபடியே பூசிக்கொள்ள இவர்களுக்கு மனம் வராது. "ரொம்பக் கெட்டி, தினப்படிக்கு ஆகாது" என்று உதட்டைப் பிதுக்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து, வாசமில்லாத எண்ணெயில் சொட்டுச் சொட்டாக விட்டு, குலுக்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மறுபடி குலுக்கி, அலமாரியில் பனியன்களுக்கு நடுவே இருட்டில் உறங்கவைத்து, ஒரு நாள் அதை எழுப்பி ஊர் முழுக்க நீட்டுவார்கள். ரோஜாவைப் படைத்ததே தாங்கள்தான் என்பது போல ஒரு முகத்தோடு.

அரபு நாட்டுக் கடலோரத்தில் எங்கள் சூர் நகரத்துத் துறைமுக அலுவலகத்தில் வேலை பார்க்கும் சுவைலிம் இந்தக் கிளையின் கொழுந்து. நல்ல மனிதர். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். போகப் போக உங்களுக்குச் சந்தேகம் வரும்.

அவர் இளக்க ஆரம்பித்ததற்கு நியாயமான காரணம் இருந்தது. ஒரு காலையில் அகில் கட்டையில் வடித்த சுத்தமான ஊது அத்தரைக் காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவிக்கொண்டு அலுவலகம் போனார். ஏசி அதை எடுத்துக்கொண்டு மாடி முழுக்கச் சுற்றியது. மதியத்துக்குள் எல்லோருக்கும் தலைவலி. மேலாளர் ஜன்னல்களைத் திறக்கச் சொன்னார். ஜூன் மாதத்தில், சூரில், ஜன்னல்! அன்றோடு திருந்தினார் சுவைலிம். அதாவது, கெட்டியாக ஒரு முறை செய்த தொல்லையை இளக்கித் தினமும் செய்ய ஆரம்பித்தார்.

எங்கள் திஷ்தாஷா அங்கியின் கழுத்தோரம் தொங்கும் குஞ்சம் வாசனையில் தோய்ப்பதற்கென்றே இருப்பது. சுவைலிமுடைய குஞ்சத்தைப் பிழிந்தால் ஒரு குழம்புக்குத் தாளிக்கலாம். ஏன் இவ்வளவு? ஓயாமல் முகர்ந்த மூக்கு மரத்துப்போய், தன் சரக்கின் வாசம் தனக்கே தெரியாமல் போகும். இளக்கியின் சோகமே இதுதான். அதனால் அவருக்கு அடுத்தவர் மூக்கு வேண்டும். மீன் விற்பவர், வங்கிக் காசாளர், தெருவில் யாரோ எவரோ, எல்லோருடைய மணிக்கட்டும் அவருக்குச் சொந்தம். பல் மருத்துவர் வாயைத் திறக்கச் சொன்னபோது இவர் புட்டியைத் திறந்தார்.

"என்ன வாசம் வருது?"

"ரோஜாவா?"

"ரோஜா மேல இருக்கு. கீழ என்ன வருது?"

"கீழயா... எண்ணெய்?"

"இப்பச் சொல்லாதீங்க. அரை மணி நேரம் போகட்டும், அப்பத்தான் வாசம் திறக்கும். அரை மணி நேரம் கழிச்சுச் சொல்லுங்க."

சரி, மறந்துவிடுவார் என்று நினைக்கிறீர்களா? அரை மணி நேரம் கழித்து போன் செய்வார்.

சொட்டு அளக்க ஊசிகள் வருவது மகள் அஸீலா வேலை செய்யும் மருந்துக் கடையிலிருந்து. "வாப்பா, ஊசி எதுக்குன்னு கடையில கேக்கறாங்க. எங்க வாப்பாவுக்கு மூக்கில கோளாறுன்னு சொல்லி வெச்சிருக்கேன்" என்பாள் அவள். மனைவி ஸுவைனா மட்டும் இந்த நோயால் ஒரு பலன் கண்டவள். விருந்தாளிக்கு அத்தரும் சாம்பிராணியும் கொண்டுவந்தால் எங்கள் பக்கத்தில் விருந்து முடிந்தது, எழுந்திருக்கலாம் என்று பொருள். வாய் திறந்து யாரும் போகச் சொல்வதில்லை. பக்கத்து வீட்டுக்காரி மூன்றாவது முறையாகத் தன் முழங்கால் வலிக்குத் திரும்பும்போது ஸுவைனா புருவத்தைத் தூக்குவாள். சுவைலிம் புட்டியோடு வருவார். முழங்கால் எழுந்து போய்விடும்.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் அஸீலாவைக் கேட்டுப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை அஸ்ஸான், பாலத்துக்கு அந்தப் பக்கம் அய்ஜாவில் வீடு. இதற்கு முன் வந்த இரண்டு வரன்களை மூக்கைச் சுளித்துத் தள்ளிய அஸீலா, இந்தப் பெயரைச் சொன்னதும் குனிந்து செருப்பைத் தேடினாள். செருப்பு காலில்தான் இருந்தது. வீட்டில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

"இங்க பாருங்க, மாப்பிள்ளையோட வாப்பா ஹாரிப்புக்குக் கெட்டி வாசனை ஆகாதாம். அவர் சம்சாரம் மௌஸாவே சொல்லியனுப்பியிருக்கா. நீங்க ஒண்ணையும் வெளிய எடுக்கக் கூடாது" என்றாள் ஸுவைனா.

ஒரு இளக்கியிடம் சொல்லக்கூடாத வார்த்தை இது. கெட்டி வாசனை ஆகாத மனிதர்! இத்தனை வருஷம் குலுக்கியதெல்லாம் இவருக்காகத்தானே? சுவைலிம் அந்த வாரம் முழுக்க ஒரே புட்டியில் கிடந்தார். பூ பட்டது போல இருக்க வேண்டும், பட்டது தெரியக்கூடாது. அப்படி ஒன்று பனியன்களுக்கு நடுவே தயாராயிற்று.

வந்தார்கள். மௌஸா உள்ளே போனாள். ஆண்கள் முன்கூடத்தில் உட்கார்ந்தார்கள். ஹாரிப் உடல்நலம் விசாரித்தார், மழை விசாரித்தார், மீன் வரத்து விசாரித்தார். அஸ்ஸான் தரைவிரிப்பின் பூக்களைப் படித்துக்கொண்டிருந்தான். சமையலறையில் ஏலக்காய் போட்ட காவாக் காப்பி ஃபிளாஸ்க்கில் இறங்கிக்கொண்டிருந்தது. அல்வாத் தட்டின் மூடி இன்னும் எடுக்கவில்லை. சுவைலிமின் கை சட்டைப்பைக்குள் போனது, வெளியே வந்தது, போனது. எத்தனை நேரம்தான் ஒரு மனிதர் பொறுப்பார்?

"கையக் கொடுங்க" என்றார் புட்டியைத் திறந்து.

ஹாரிப் புட்டியைப் பார்த்தார். வெறும் மேசையைப் பார்த்தார். ஒரு வாய் காவா இல்லை, ஒரு பேரீச்சை இல்லை, அதற்குள் அத்தர். ஆனால் மரியாதை தெரிந்தவர். கையை நீட்டினார், குஞ்சத்தையும் நீட்டினார், பூசி முடிந்ததும் எழுந்தார்.

"நல்லது. நாங்க வர்றோம்."

"அரை மணி நேரம் கழிச்சுச் சொல்லுங்க!" என்று சந்தோஷமாகக் கத்தினார் சுவைலிம், மூடுகிற கார்க் கதவைப் பார்த்து.

உள்ளே மௌஸாவின் போன் ஒலித்தது. எடுத்த பேரீச்சையைத் திரும்பத் தட்டிலேயே வைத்துவிட்டுப் போனாள். ஸுவைனா ஃபிளாஸ்க்கோடு ஓடி வந்தாள்.

"எங்கங்க அவங்க?"

"கிளம்பிட்டாங்க. சொக்கிப் போயிட்டாங்கன்னு நெனைக்கிறேன்."

ஸுவைனா அவர் கையைப் பார்த்தாள். அஸீலாவும் பார்த்தாள். கடைசியாக அவரும் பார்த்தார்.

"காவா குடுக்கறதுக்கு முன்னாடியா, வாப்பா?"

சுவைலிம் உட்கார்ந்துவிட்டார். ஹாரிப்புக்கு போன் போட்டார், எடுக்கவில்லை. மறுபடி போட்டார், துண்டித்தார்கள். அஸீலா அழவில்லை. அலமாரியிலிருந்த ஊசிகளை எல்லாம் பொறுக்கித் தன் கைப்பைக்குள் போட்டு மூடினாள். அழுதிருக்கலாம் என்று தோன்றியது அவருக்கு. மகளுடைய வாழ்க்கையை ஒரு சொட்டில் கவிழ்த்துவிட்டோமே என்று அவர் உள்ளுக்குள் நொறுங்கிக்கொண்டிருந்த அந்த நேரத்திலும், அவர் கை தானாக மூக்குக்குப் போனது. நன்றாகத்தான் திறந்திருக்கிறது என்று மனசின் ஒரு மூலை சொன்னது. நோய் என்றால் சும்மாவா?

வாசலில் ஹாரன் கேட்டது. ஹாரிப் நின்றார், முகம் கல்லாக.

"தப்பு முழுக்க என்மேலதான், என்னை மன்னிச்சு..." என்று ஆரம்பித்தார் சுவைலிம்.

"அது கெடக்கட்டும்." மணிக்கட்டை நீட்டினார் ஹாரிப். "இதுக்கு அடியில என்ன போட்டீங்க? பாலத்துல போறப்ப சந்தனம் மாதிரி வந்துச்சு. சிக்னல்ல நின்னா, வேற என்னமோ."

"சாம்பிராணி எண்ணெய். ஒரே சொட்டு."

"அதானே பார்த்தேன்! சரி, எதுல இளக்கினீங்க?"

"எண்ணெயில."

"குஞ்சத்தைப் பாருங்க, கறை! ஸ்பிரிட்டுல இளக்கணுங்க." தன் சட்டைப்பையிலிருந்து, எப்போதோ கண் மருந்து இருந்த ஒரு குட்டிப் புட்டியை எடுத்தார். "கையக் குடுங்க."

"ஸ்பிரிட்டா? வாசம் பறந்துடாது?"

"உங்க எண்ணெய் மட்டும்? படுத்துக் கெடக்கும்!"

காருக்குள்ளிருந்து மௌஸா தலையில் கைவைத்தபடி இறங்கினாள். "கெட்டி வாசனை ஆகாதுன்னு போற வீட்டுக்கெல்லாம் நான்தான் சொல்லி வைக்கிறேன் ஸுவைனா. யாராவது ஒரு புட்டியை எடுத்துட்டா இந்த மனுஷனை வீடு கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது."

அப்போதுதான் ஹாரிப்புக்கு நினைவு வந்தது. "அப்ப நீங்க எங்களை வேணாம்னு சொல்லலையா?"

"வேணாமா? காவாவே இன்னும் ஊத்தலையே!" என்றாள் ஸுவைனா.

அவமானத்தை இந்தக் கிளைக்காரர்கள் ஆயுள் முழுக்கச் சுமப்பார்கள். ஆனால் ஒரு வாசனைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஒரு சிக்னலைத் தாண்ட மாட்டார்கள். அதனால்தான் அந்தக் கல்யாணம் பேசி முடிந்தது. பேசியது பெண்கள், சமையலறையில், அல்வாவோடு. ஆண்கள் இருவரும் முன்கூடத்தில் எண்ணெய், ஸ்பிரிட் என்று தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

அஸீலா காவா ஊற்றும்போது அஸ்ஸானிடம் தாழ்ந்த குரலில் கேட்டாள். "நீங்களும் இப்படிக் கலப்பீங்களா?"

"சேச்சே, நானா?" என்றான் அவன். சொல்லிவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, மணிக்கட்டை மூக்கருகே கொண்டுபோனான். அவள் பார்த்தாள். கோப்பையை விளிம்புவரை நிரப்பினாள்.

நீங்கள் எதற்குச் சிரிக்கிறீர்கள்? உங்கள் குளியலறை அலமாரியில் பேர் எழுதாத குட்டிப் புட்டி ஒன்றும் இல்லையா? இதைப் படிக்கும்போதே ஒரு முறை கை மூக்குப் பக்கம் போகவில்லையா? இல்லை என்கிறீர்கள். சரி. இப்போது சொல்ல வேண்டாம்.

அரை மணி நேரம் கழித்துச் சொல்லுங்கள்.