ரூத் டீச்சர் நித்திரையான சனிக்கிழமை

சேவுகம்பட்டி,
செவ்வாய்க்கிழமை காலை.

கிறிஸ்துவுக்குள் பிரியமான மருமகன் ஆனந்த்ராஜுக்கு, தாய்மாமன் முத்துச்சாமி எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் உன் அத்தையும் தென்னை மரங்களும் சுகம். திண்டுக்கல்லில் உன் அம்மா ரொம்பச் சுகம். அந்த வரியை மட்டும் இரண்டு தடவை அடிக்கோடு போட்டிருக்கிறேன், கவனி. மஸ்கட்டில் நீயும் பிள்ளைகளும் குறைவில்லாமல் இருக்கத் தினமும் ஜெபிக்கிறோம்.

போனில் பேசவேண்டியதைத் தபாலில் எழுதுகிற காரணம் உனக்கே தெரியும். சனிக்கிழமையிலிருந்து என் நம்பரை நீ பிளாக் பண்ணி வைத்திருக்கிறாய். உன் அத்தை நம்பரையும்தான், அவள் என்ன பாவம் செய்தாளோ. பெற்ற தாய் போய்விட்டதாகச் சொல்லி, நீ டிக்கெட் போட்டு முடித்தபிறகு போகவில்லை என்று சொன்னால் யாருக்கும் கோபம் வரும். நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அக்காவுக்கு நான் ஒரே தம்பி, நீ ஒரே மகன். நாம் இரண்டு பேரும் பேசாமல் இருந்தால் எப்படி? நடந்தது இதுதான், படித்துவிட்டு நீயே சொல்.

உன் அம்மாவுக்குத் துணையாகப் போன மாசம் ஜீவிதா என்று ஒரு பிள்ளையை வைத்தோம். இலங்கைத் தமிழர் முகாமில் பிறந்து வளர்ந்தவள், தங்கமான பிள்ளை. சனிக்கிழமை நான் அங்கே சாப்பிட வருவதாகச் சொல்லியிருந்தேன். காலையில் தோப்பில் தேங்காய் வெட்டு நடக்கிறது, அந்தச் சத்தத்தில் போன் வருகிறது. "ஐயா, அம்மா நித்திரையாயிட்டா. நீங்கள் ஆறுதலா வாங்கோ" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். நீயே சொல் மாப்பிள்ளை, நாம் வேதக்காரர்கள். நம் சபையில் யாராவது செத்தார் என்று சொல்கிறோமா? கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்றுதானே சொல்கிறோம், கல்லறையிலும் அதைத்தானே வெட்டுகிறோம். போதாக்குறைக்கு ஆறுதல் வேறு. அவர்கள் பேச்சில் நித்திரை என்றால் வெறும் தூக்கமாம், ஆறுதலாக என்றால் அவசரமில்லாமல் மெதுவாகவாம். இது எனக்கு எப்படித் தெரியும்? துண்டை வாயில் பொத்திக்கொண்டு களத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம் பஸ்ஸில் ஏறினேன், ஏறினவன் சும்மா இருந்திருக்கலாம், திண்டுக்கல் போய்ச் சேருவதற்குள் இருபத்திரண்டு பேருக்குப் போன் போட்டுவிட்டேன். போதகருக்கு, பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு, பந்தல் போடுகிற நூர் முகமது பாய்க்கு, பேனர் அடிக்கிற மூக்கையாவுக்கு. உனக்கும் போட்டேன், நீ எடுக்கவில்லை. நான் போய் இறங்கும்போது தெருவில் பந்தல் நிற்கிறது, நூறு நாற்காலி கிடக்கிறது, ஃப்ரீசர் பெட்டி வாசலில் தயாராக இருக்கிறது, வீடு மட்டும் பூட்டிக் கிடக்கிறது. ராத்திரி இருமலில் தூங்காத அம்மா இப்போது அசந்து தூங்குகிறதே என்று ஜீவிதா வெளியே பூட்டிவிட்டுச் சந்தைக்குக் காய் வாங்கப் போயிருக்கிறாள். பூட்டு அசல் திண்டுக்கல் பூட்டு. நாலு பேர் தொங்கியும் அசையவில்லை.

உள்ளே போக வழியில்லை, வெளியே நூறு பேர். சும்மா உட்காருவானேன் என்று போதகர் தெருவிலேயே ஜெபத்தை ஆரம்பித்து, டீச்சரைப் பற்றி ஆளுக்கு ரெண்டு வார்த்தை பேசச் சொன்னார். அங்கேதான் மாப்பிள்ளை எனக்கே பல விஷயம் தெரிந்தது. சங்கத்துக்காரங்க பிடி அரிசியைப் பற்றிச் சொன்னாங்க. முப்பத்திநாலு வருஷம் வீடு வீடா வாங்குன அரிசியை அக்கா எந்த மதம்னு பாக்காம பிள்ளை பெத்த வீட்டுக்கெல்லாம் அனுப்பியிருக்கு. பூக்கட்டுற ராமுத்தாய் எந்திரிச்சு, "எனக்கு விதவை பென்சனுக்கு டீச்சரு பதினாலு மனு எழுதுனாக. திங்கக்கெழமை ஆனா கலெக்டராபீசுல மொத ஆளா நிப்பாக. கடைசில அந்த ஆபீசரு தாங்க மாட்டாம கையெழுத்துப் போட்டுட்டு மாறுதல் வாங்கிட்டுப் போயிட்டாரு" என்றது. நூர் முகமது பாய் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எம் மூணாவது புள்ள பொறந்தப்ப நான் லாரி லோடோட வெளியூர் போயிட்டேன். ஆஸ்பத்திரில ராத்திரி பூரா நின்னது டீச்சரம்மாதான். அந்தப் புள்ளதான் இப்ப இந்தப் பந்தலக் கட்டுனான்" என்றார். எங்க அம்மா போனப்ப எனக்கு ஒன்பது வயசு, என்னை இடுப்புல தூக்காத குறையா வளத்தது அக்காதான்னு சொல்ல நானும் எந்திரிச்சேன்.

அந்த நேரத்தில்தான் நீ கூப்பிட்டாய். காது சரியாகக் கேட்காததால் ஸ்பீக்கரில் போட்டு ஜன்னலோரமாக நின்று பேசினேன். நீ அழுததைத் தெருவே கேட்டது. "இன்னைக்கே கெளம்பி வாரேன் மாமா"ன்னு நீ சொன்னதும் எல்லாருக்கும் கண்ணு கலங்கிருச்சு.

நீ வைத்துக் கொஞ்ச நேரத்தில் மூக்கையா பேனரைக் கட்டினான். ஆளுயரத்துக்கு உன் அம்மா போட்டோ, மேலே கொட்டை எழுத்தில் 'கண்ணீர் அஞ்சளி'. கட்டி முடிக்கவும் ஜன்னல் திறக்கவும் சரியாக இருந்தது. அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெளியே பார்த்து, யார் செத்தது, என்ன கூட்டம் என்றெல்லாம் கேட்கவில்லை. "மூக்கையா, அஞ்சலிக்கு எந்த லி டா?" என்றது. ரெண்டாம் வகுப்பில் எழுத்துச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் குரல் அல்லவா, அவன் ஏணியிலிருந்து அப்படியே சறுக்கி இறங்கி, கையைக் கட்டி நின்றான். சங்கத்துக்காரங்க பாதிப் பேர் அல்லேலூயா என்றார்கள், பாதிப் பேர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்கள். கத்திரிக்காய்ப் பையோடு வந்த ஜீவிதா, "நித்திரை எண்டுதானே சொன்னனான்" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். அவளைச் சமாதானம் பண்ணத்தான் ரொம்ப நேரமாச்சு.

உடனே உனக்குப் போன் பண்ணினேன். பதட்டத்தில், "மாப்ள, அக்கா எந்திரிச்சிருச்சு" என்றேன். நீ, "குடிச்சிருக்கீங்களா மாமா?" என்றாய். அதற்குமேல் லைன் போகவில்லை. இங்கே அக்கா, வந்தவர்கள் வெறும் வயிற்றோடு போகக்கூடாது என்று உப்புமாவுக்கு ரவை வறுக்கச் சொல்லிவிட்டது. வந்த பெட்டி எதற்குச் சும்மா நிற்கணும் என்று அதில் பன்னீர் சோடா பாட்டில்களை அடுக்கச் சொன்னதும் அக்காதான். பாய் மறுத்துப் பார்த்தார், டீச்சர்கிட்ட எடுபடுமா? சோடா நல்லாத்தான் ஜில்லுன்னு இருந்துச்சு, போதகரே ரெண்டு குடித்தார்.

ஆக, குற்றம் யாருடையதும் இல்லை, ஒரு வார்த்தையுடையது. நீ ஜீவிதாவிடம் போனில் விசாரித்துவிட்டு டிக்கெட்டை ரத்து செய்ததில் யாருக்கும் வருத்தமில்லை. அக்கா அதைக் கேள்விப்பட்டதும் "அவனுக்கு வேலை இருக்கும், வர வேண்டாம்னு எழுது" என்றுதான் சொன்னது. நாலு வருஷமாக லீவு கிடைக்காமல் நீ படுகிற பாடு அதற்குத் தெரியாதா? ஆகவே நீ நிம்மதியாக வேலையைப் பார். என் நம்பரை மட்டும் திறந்துவிடு. பிள்ளைகளுக்கு முத்தங்கள். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

இப்படிக்கு,
உன் மேல் எந்தக் கோபமும் இல்லாத,
முத்துச்சாமி மாமா.

பின்குறிப்பு: தபாலில் போடுமுன் அக்கா கடிதத்தை வாங்கிப் படித்தது. ஏழு இடத்தில் சிவப்பு மையால் சந்திப் பிழை திருத்தியிருக்கிறது. திருத்திவிட்டு, "நான் முழிச்சு அரை மணி நேரங் கழிச்சுத்தான்டா ஜன்னலத் தொறந்தேன்" என்றது. ஏன்க்கா அப்பவே சொல்லலன்னு கேட்டேன். "எல்லாரும் நல்லாப் பேசிக்கிட்டிருந்தாக, கெடுப்பானேன்னு படுத்துக் கேட்டுக்கிட்டிருந்தேன். எம் மகன் அழுததையுங் கேட்டேன். நாலு வருசமாக் கெடைக்காத லீவு நான் செத்த ஒரு மணி நேரத்துல கெடைச்சிருச்சு பாத்தியா" என்றது. சிரித்துக்கொண்டுதான் சொன்னது, ஆனால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தது. வர வேண்டாம் என்று நான் எழுதியிருக்கும் வரியை அதுவே அடித்துவிட்டு, கீழே தன் கையாலேயே எழுதியிருக்கிறது:

அப்பு, நான் முழிச்சிருக்கும்போது வா. – அம்மா.