ஒரு படத்துக்கு ஒரு ராசா

"ஒரு ராஜாவுக்கு எதுக்கய்யா மூணு ஆளு?"

அரசாங்கக் கச்சேரித் துரையின் அனுமதிக் கடிதத்தோடு சென்னையிலிருந்து வந்திருந்த சினிமா டைரக்டர் தலையில் கை வைத்தார்.

பேசாலை ஊர்க் கூத்தில் அது பரம்பரை வழக்கம். அரசவைக் கொலுவுக்கு வருகிற ராசா, கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் சந்தியோகு. சண்டை பிடிக்கிற ராசா அவருடைய மச்சான் வின்சன்ட். கடைசியில் சாகிற ராசா மரியாம்பிள்ளை. ஒருவரே விடியும்வரை ஆடினால் மெய்யாகவே செத்துப்போவார் என்பது ஊர் சொல்லும் காரணம். ஒரு குடும்பத்துக்கு மட்டும் முடியைக் கொடுத்தால் மற்றக் குடும்பங்கள் பந்தலைப் பிரித்துவிடும் என்பது உண்மைக் காரணம்.

"கூத்தைப் பேசும் படமா எடுக்கிறோம். நடுவுல முகம் மாறினா சனம் கல்லெடுத்து அடிக்கும். ஒரே ஆளு. யாருன்னு நாளைக்குச் சொல்லுங்க."

சந்தியோகுவுக்குச் சோறு இறங்கவில்லை. தன் முகம் படத்தில் வரவேண்டும். வீட்டில் மனைவி செலீனாவும் இருக்கவேண்டும். செலீனா வின்சன்டின் தங்கை.

"அண்ணை ராசா இல்லையெண்டால் நான் அங்க போயிடுவன்" என்றாள் அவள்.

முதலில் வின்சன்டை மந்திரியாக்கிப் பார்த்தார்.

"போன வருசம் ராசா, இந்த வருசம் மந்திரியோ? என்ர மகளுக்குப் பிறகு ஆர் மாப்பிள்ளை தருவினம்?"

அடுத்து, "ஆண்டவர் தீர்மானிக்கட்டும்" என்று கோயில் வாசலில் சீட்டுக் குலுக்கினார். சந்தியோகு என்று வந்தது. நன்றி சொல்லக் கண்ணை மூடினார். திறப்பதற்குள் மரியாம்பிள்ளை மிச்ச இரண்டு சீட்டையும் விரித்துவிட்டார். இரண்டிலும் சந்தியோகு.

"ஆண்டவருக்கு வேற பேரே தெரியாதோ மச்சான்?" என்றார் வின்சன்ட்.

செலீனா பெட்டியோடு அண்ணன் வீட்டுக்குப் போனாள். ராசாவின் உடுப்பு அவளுடைய கூறைச்சேலையில் தைத்தது, அதுவும் போனது. மத்தளக்காரர் வின்சன்டின் சித்தப்பா மகன், மத்தளமும் போனது.

மறுநாள் உச்சிவெயிலில், கமராவுக்கு முன்னால், கட்டில் விரிப்பைப் போர்த்துக்கொண்டு, வாயாலேயே தாளம் போட்டு, சந்தியோகு தனியாக ஆடினார். கொலுவுக்கு வந்தார். சண்டை பிடித்தார். செத்தார். செத்தபிறகு எழும்ப முடியவில்லை, வாய் நிறைய மணல். அப்படியும் மனம் குளிர்ந்திருந்தது மனுசனுக்கு.

"பிரமாதம்! ஒரே முகம்! ஆளுக்கொரு துண்டா ஆடுற பைத்தியக்காரத்தனமெல்லாம் சினிமாவில செல்லாதய்யா" என்று அவர் தோளைத் தட்டிவிட்டு, டைரக்டர் தலைமன்னாரில் கப்பல் பிடிக்கப் போய்விட்டார்.

கமராக்காரன் மட்டும் போகாமல், மரநிழலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான்.

"நீங்கள் போகேல்லையோ தம்பி?" என்றார் சந்தியோகு, மணலைத் துப்பிக்கொண்டே.

"நான் எங்கய்யா போறது? போனவரு பட முதலாளியோட மூத்த மருமகன், கொலுவுக்கு மட்டும்தான் டைரக்டர், நானும் அதை மட்டும்தான் படம் பிடிச்சேன். சண்டைக்கு ரெண்டாவது மருமகன் நாளைக்கு அவரோட ராஜாவைக் கூட்டிக்கிட்டு வர்றாரு, சாவுக்கு மூணாவது மருமகன் வர்றாரு, முதலாளி இவங்கள்ல யாரைத்தான் பகைச்சுக்க முடியும்?"