சம்பந்தியின் தொண்டையும் ஐந்து கட்டைச் சுருதியும்

கரமனை,
கொல்லம் 1111, கும்ப மாசம்.

மகாராஜராஜஸ்ரீ சம்பந்தி பட்டாபி அய்யர்வாள் சமுகத்துக்கு, சேஷன் அநேக நமஸ்காரம். அவ்விடத்து க்ஷேமத்தை விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை; இவ்விடத்து க்ஷேமம் சனிக்கிழமை தங்கள் ஜட்காவோடு போய்விட்டது.

கோட்டைக்குள் போட்ட நாடகத்தில் நடந்ததற்கெல்லாம் நானே காரணம். ராஜா வேஷம் கட்டுகிறேன், பழைய சங்கீத நாடகப் பாட்டுகளில் என் தொண்டைக்குத் தோதாக நாலு பொறுக்கிக் கொடும் என்று, ஹார்மோனியம் தெரிந்தவன் என நம்பி என்னிடம் கேட்டீர்கள். தங்கள் தொண்டை ஒன்றரைக் கட்டைக்கு மேல் ஏறாது என்பது கல்யாணத்தில் தாங்கள் நலங்குக்குப் பாடியபோதே எனக்குத் தெரியும். ஆகையால் தணிவான சோகப் பாட்டுகளாகவே எடுத்து வைத்தேன். தாங்கள் அவற்றை ஒதுக்கிவிட்டு, "இதெல்லாம் மந்திரி பாடற பாட்டாக்கும்! கம்பெனி ராஜபார்ட் எல்லாம் அஞ்சு கட்டையிலே பிடிக்கறான். நமக்கும் சரிப்படும், இல்லையா?" என்றீர்கள். பிள்ளையைப் பெற்றவரின் தொண்டைக்கு அளவு சொல்லப் பெண்ணைப் பெற்றவனுக்கு ஏது வாய்? "பேஷாச் சரிப்படும்" என்று சொல்லித் தொலைத்தேன்.

என் வீட்டில் நடந்த ஒத்திகைகளில் மேல்ஸ்தாயி வரும் இடமெல்லாம் தாங்கள் இருமிச் சமாளித்தீர்கள். அடுக்களையிலிருந்த தங்கள் மருமகள் சூடாமணி தன்னையறியாமல் அந்த இடத்தைப் பாடி நிரப்புவாள். பாவி, நான் அதை ரசித்தேன். சனிக்கிழமை மேடையிலும் சரணத்தில் தங்கள் குரல் நின்றுவிட்டதா, தட்டிக்குப் பின்னால் பெண்டுகளோடு உட்கார்ந்திருந்தவள் பழக்கதோஷத்தில் எடுத்துவிட்டாள். தாங்கள் திடுக்கிட்டு வாயை மூடியும் பாட்டு நிற்கவில்லை. பின்வரிசையில் ஒருத்தன் "ஒன்னுகூடி!" என்று மலையாளத்தில் ஒன்ஸ்மோர் கேட்டுக் கத்தினான். தாங்கள் கிரீடத்தோடேயே ஜட்கா ஏறிப் போய்விட்டீர்கள். மருமகளைக் கூட்டிக்கொண்டு போகவில்லை.

அதுமுதல் குழந்தை அழுதபடி இருக்கிறாள். "வேணும்னு பாடலேப்பா, இனிமே என்னை அந்த ஆத்துலே சேர்த்துப்பாளா?" என்கிறாள். எனக்கு வெட்கத்தில் தலை நிமிரவில்லை. ஆற்றுக்குப் போகாமல் கிணற்றடியிலேயே குளிக்கிறேன். குற்றம் அவள் குரலில் இல்லை, தங்கள் குரலில்... மன்னிக்கவேண்டும், என் கோழைத்தனத்தில்தான். என்னை வேண்டுமட்டும் ஏசுங்கள், அவளை அழைத்துக்கொள்ளுங்கள். இனி ஹார்மோனியத்தைத் தொடமாட்டேன்.

சம்பந்தி அம்மாளுக்கு நமஸ்காரம். மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம். தங்கள் தொண்டை குணமாகப் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறேன்.

இப்படிக்கு,
தலைகுனிந்த
சேஷன்.

பி.கு.: கையெழுத்துப் போடும்போதே மாப்பிள்ளை வந்துவிட்டார். "கேட்டேளா, அப்பா வாயை மூடிண்டே பாடினார்னு கோட்டை பூரா ஒரே பேச்சு! வர சனிக்கிழமையும் ஆடணுமாம். சூடாமணியை உடனே கூட்டிண்டு வரச் சொன்னார். தட்டியை மேடைக்குக் கிட்டக்கப் போடறாளாம்" என்றார். அவள் முகம் அலம்பிப் பெட்டியும் கட்டியாயிற்று. கடிதத்தை அவரிடமே கொடுத்தனுப்புகிறேன். தொண்டையைப் பற்றி எழுதியதைப் படிக்காமல் விட்டுவிடவும். ஹார்மோனியத்தோடு நானும் வருகிறேன். பாட்டுகளை இந்தத் தடவை சூடாமணியே பொறுக்கிவிட்டாள். சுருதி ஐந்தரைக் கட்டையாம். தங்கள் தொண்டைக்கு அது பேஷாகச் சரிப்படும்.