பெங்களூரா மாங்காயும் பெருத்துப்போன டேட்டாபேஸும்

கெட்டிக்காரத்தனம் என்று நினைத்து நான் செய்த காரியங்களுக்கெல்லாம் மற்றவர்கள்தான் அவதிப்பட்டிருக்கிறார்கள். அதில் முதலிடம் மாமனாரின் ஒரு லோடு மாங்காய்க்கு.

கல்யாணமான புதிது. ஓசூரில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. குருபரப்பள்ளிப் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையின் எடைமேடைக்கு நான்தான் புரோகிராம் எழுதினேன். லாரி ஏறியதும் நாலாபக்கமும் போட்டோ எடுத்து, எடையோடு சேர்த்து டேட்டாபேஸுக்குள்ளேயே திணித்துவிடும்.

சீனியர் மஞ்சுளா மேடம் முதலிலேயே சொன்னார்: "போட்டோவ ஃபோல்டர்ல போடப்பா. அது எங்க இருக்குன்னு மட்டும் டேட்டாபேஸ்ல எழுது. இல்லன்னா பெருத்துடும்."

"தனித்தனியா வெச்சா தொலைஞ்சிடும் மேடம். எல்லாம் ஒரே எடத்துல இருந்தாதான் பத்திரம்" என்றேன். (பத்திரமாம்!) கையால் எழுதும் எடைச்சீட்டு இனிச் செல்லாது என்று ஆலை மேனேஜரைச் சம்மதிக்க வைத்ததும் இதே வாய்தான்.

சீசன் உச்சத்தில் ஒரு நாள் காலை டேட்டாபேஸ் நிரம்பியது. நாங்கள் போட்டிருந்தது இலவசப் பதிப்பு; அதற்கு ஓர் அளவு உண்டு. போட்டோ உள்ளே போகவில்லை, எடை பதியவில்லை, சீட்டும் வரவில்லை. நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது லாரிகள் ஹைவே வரை நின்றன. டிரைவர்கள் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் திட்டினார்கள். (மூன்றும் எனக்குப் புரியும்.) கொஞ்ச நேரத்தில் பலர் வேறு ஆலைக்கு வண்டியைத் திருப்பிவிட்டார்கள்.

வேப்பனப்பள்ளியிலிருந்து தன் தோட்டத்து லோடோடு வந்திருந்த என் மாமனார் மட்டும் அசையவில்லை. "நம்ம மாப்ள போட்ட மிஷினு. அவரே வந்துட்டாரு, நான் எதுக்கு வேற எடத்துக்குப் போறது?" என்று டிரைவரிடம் பெருமையாகச் சொன்னார்.

போட்டோக்களை ஃபோல்டருக்கு மாற்றி, டேட்டாபேஸைச் சுருக்கி முடிக்க மறுநாள் மதியமாகிவிட்டது. பழுக்கிற பதத்தில் பறித்த பெங்களூரா ரக மாங்காய், தார்ப்பாய்க்கடியில் வெந்து தண்ணீர்விட ஆரம்பித்திருந்தது. எடைச்சீட்டு மட்டும் அழகாக வந்தது. தரம் பார்ப்பவர் ஒரு காயை அமுக்கிப் பார்த்து, லோடையே திருப்பி அனுப்பினார்.

ஒரு வருஷ உழைப்பை ரோட்டோரப் பள்ளத்தில் கொட்டும்போது மாமனார் என்னைத் திட்டவில்லை. "வெயில்ல நிக்காதீங்க மாப்ள" என்றார். திட்டியிருக்கலாம்.

போன மாதம் என் மகளுக்குக் காதுகுத்து. போட்டோகிராஃபர் குடும்பத்தையே வரிசையாக நிறுத்தினார். மாமனார் குரல் கொடுத்தார்: "சீக்கிரம் எடுப்பா! மாப்ள இதையும் டேட்டாபேஸ்ல போட்டாருன்னா, நின்ன எடத்துலயே எல்லாரும் அழுகிடுவோம்."

மண்டபமே சிரித்தது. அந்தப் படத்தில் எல்லோர் பல்லும் தெரிகிறது, என்னுடையதைத் தவிர.