சாம்பிள் பார்த்த தலை

பெயின்ட் கடைக்காரனுக்கு எதைப் பார்த்தாலும் சுவராகத்தான் தெரியும். செஞ்சியில் இருபத்திரண்டு வருடமாகக் கடை வைத்திருக்கும் நான், ஒருமுறை என் தலையையே சுவராகப் பார்த்துவிட்டேன்.

போன வருடம் என் மகள் கயலுக்கு நிச்சயதார்த்தம். ஞாயிற்றுக்கிழமை விழா. வெள்ளிக்கிழமை காலை செல்போனும் முடியை வெளுக்கிற மருந்து டப்பாவுமாக வந்து நின்றாள். செல்போனில் ஒரு பெண் கறுப்பு முடியில் எதையோ பூசி, பாட்டு முடிவதற்குள் தேன் நிறத் தலையோடு சிரித்தாள்.

"நானும் லைட் பண்ணிக்கப் போறேன் நைனா. இப்ப எல்லாரும் வீட்லயே பண்றாங்க."

"பார்லர்ல பண்ணக் கூடாதா?"

"வள்ளியக்கா முடியாதுன்னுட்டாங்க. கொஞ்சம் கொஞ்சமாத்தான் பண்ணுவாங்களாம். ரெண்டு மாசம் முன்னாடியே வந்திருக்கணுமாம்."

இடுப்பு வரை தொங்கும் முடி. அது கையோடு வந்துவிட்டால்? மாப்பிள்ளை வீட்டார் அனந்தபுரத்திலிருந்து வேன் பிடித்து வருகிறார்கள். "வேணாம்" என்று சொல்லியிருக்கலாம். (என் மகளிடம் அந்தச் சொல்லைச் சொல்லிப் பழக்கமில்லை.) "முதல்ல சாம்பிள் பாத்துடலாம்" என்று டப்பாவை வாங்கிக்கொண்டேன்.

புது நிறத்தைச் சுவர் மூலையில் கொஞ்சம் அடித்துக் காயவிட்டுப் பார்ப்பது எங்கள் தொழில் வழக்கம். அவள் முடியில் பார்க்க மனம் வரவில்லை. குளியலறைக்குள் போய், என் வலது காதுக்கு மேல் ஒரு ரூபாய் அகலத்துக்குப் பூசினேன். (மாதாமாதம் சாயம் அடிக்கிற தலை. அது ஒரு பொருட்டு என்று எனக்குத் தோன்றவில்லை.)

இருபது நிமிடத்தில் அந்த இடம் செங்கல் நிறமானது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் சுவரில் ஓரிடம் நிறம் மாறினால் முழுச் சுவரையும் அடித்தால்தான் சீராக வரும். மீதியைத் தலை முழுக்க அடித்தேன். சந்தேகத்துக்கு இரண்டாவது கோட்டும் கொடுத்தேன். எரிந்தது. பிடித்தால்தான் எரியும் என்று பொறுத்துக்கொண்டேன். (நான் பி.எஸ்ஸி. வேதியியல் என்பதை இங்கே வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.)

கழுவிவிட்டு வெளியே வந்தேன். வேர்ப்பக்கம் மஞ்சள், நடுவில் செங்கல், நுனியில் திட்டுத்திட்டாகக் கறுப்பு.

"ஐயோ, இன்னாங்க இது?" என்றாள் என் மனைவி.

"சாம்பிள்."

"யாருக்கு? சர்க்கஸுக்கா?"

கயல் சிரிக்கவில்லை. தன் பின்னலைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்தாள். பிறகு என் தலையில் ஹெல்மெட்டை மாட்டிவிட்டு வள்ளியின் பார்லருக்கு அழைத்துப் போனாள்.

வள்ளி என் தலையைச் சுற்றி வந்து பார்த்தாள். "சாயம் அடிச்ச முடி ஒரே சீரா வெளுக்காது சார். வேர்கிட்ட தலைச்சூட்டுலயே சீக்கிரம் வெளுத்துடும். அதனாலதான் நாங்க வேர கடைசியில தொடுவோம். மொதல்ல நாலு முடிய தனியா எடுத்து பாப்போம்."

"கறுப்பு அடிச்சுடும்மா."

"தோலு செவந்திருக்குது. இதுமேல சாயம் போட்டா கொப்புளம் வந்துடும். பதினைஞ்சு நாளு ஆவட்டும்."

"ஞாயித்துக்கிழமை நிச்சயதார்த்தம்!"

"பொண்ணுக்குத்தான சார்?"

அந்த இரண்டு இரவும் நான் தூங்கவில்லை. என் தலையால் சம்பந்தம் முறிந்துவிடுமோ என்ற பயம். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் அம்மா வேனிலிருந்து இறங்கி என்னைப் பார்த்ததும் தட்டோடு அப்படியே நின்றார். கயல்தான் முன்னால் வந்தாள்.

"என் முடிக்கு சாம்பிள் பாத்தாரு அத்தை."

அந்த அம்மாள் அவளுடைய கறுத்த பின்னலையும் என் தலையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மகன் பக்கம் திரும்பினார். "பொண்ணு முடிக்கே இந்த மனுசன் இவ்ளோ பண்ணிருக்காரு. நீ பாத்து நடந்துக்கடா." பந்தல் முழுக்கச் சிரித்தது. எனக்கு மூச்சு வந்தது.

போட்டோக்காரர் இரக்கப்பட்டு ஆல்பத்தைக் கறுப்பு வெள்ளையில் போட்டுத் தந்தார். ஆனால் மாப்பிள்ளை அவரிடம் தனியாகக் கேட்டு அசலை வாங்கி வைத்துக்கொண்டார். இன்றுவரை எங்கள் வீட்டில் எந்த விவாதத்திலும் நான் ஜெயித்ததில்லை. குரலை உயர்த்தினால் போதும், மருமகன் மரியாதையாகச் செல்போனை எடுக்கிறார்.

"மாமா, கலர் காப்பி என்கிட்ட இருக்குது."