சிங்காரம் எழுதிய அசல் காதல் கடிதம்

காதலர் தினத்துக்கு நயா பைசா செலவழிப்பதில்லை என்று சிங்காரம் பிப்ரவரி பத்தாம் தேதியே சபதம் எடுத்துவிட்டான். வினை பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. நந்தினியின் புருஷன் போன வருஷம் அவளுக்கு இதய வடிவில் ஒரு சிவப்புத் தலையணை வாங்கிக் கொடுத்திருந்தான். வாராவாரம் அவள் அதை ஊர் பார்க்க வெயிலில் காயவைப்பாள். அதைப் பார்த்துப் பார்த்து, கல்யாணமாகி இருபது வருஷம் வாய் திறக்காத அவன் பெண்டாட்டி லோகநாயகி இப்போது ஒரு ஜோடி கொலுசு கேட்டுவிட்டாள்.

சிங்காரம் லேசுப்பட்டவன் இல்லை. மீன்பிடிப் படகில் உட்கார்ந்து செல்போனில் காதலர் தினத்தின் பூர்வீகத்தையே தோண்டி எடுத்துக்கொண்டு வந்தான். ரோமாபுரியில் ஒரு சாமியார் இருந்தாராம். ராஜாவுக்குத் தெரியாமல் சிப்பாய்களுக்குக் கல்யாணம் செய்துவைத்தாராம். பிடித்து உள்ளே போட்டார்கள். தலை போவதற்கு முன்னால் சிறைக்காவலன் மகளுக்கு அவர் ஒரு கடிதம் எழுதினாராம். அவ்வளவுதான் கதை.

"அவரு கொலுசா வாங்கினாரு? கேக்கா வெட்டினாரு? கடுதாசி எழுதினாரு. மத்ததெல்லாம் யாவாரிங்க கட்டிவுட்டது. அஞ்சு ரூபா ரோஜாவ அன்னைக்கு மட்டும் அம்பதுன்றான் பொன்னேரில. கேக்கு மேல செகப்பா பூசிட்டு எரநூறு கூட வாங்குறான். அசல் வழக்கம் கடுதாசிதான்டி."

லோகநாயகி தாளும் பேனாவும் எடுத்து வந்து நீட்டினாள். "சரிய்யா. அசல் வழக்கப்படியே எழுதிக் குடு. எழுத்துலயாச்சும் கஞ்சத்தனம் பண்ணாத."

வார்த்தைக்கு வரி கிடையாது என்பதால் சிங்காரம் வள்ளலாகிவிட்டான். கண்ணே என்றான், வஞ்சிரமே என்றான். என் உயிர் உனக்கு, என் படகு உனக்கு என்று அள்ளிவிட்டான். முதல் பக்கத்திலேயே சரக்கு தீர்ந்தது. கொடுக்க வேறு என்ன இருக்கிறது என்று யோசித்து, 'முகத்துவாரத்தில் என் பாடுகூட இனி ஆயுசு பூராவும் உனக்கே' என்று முடித்தான். லோகநாயகி இரண்டு தடவை படித்தாள். நைனா பேரோடு சேர்த்து முழுக் கையெழுத்தும் தேதியும் போடச் சொன்னாள். பிரியத்தில் கேட்கிறாள் என்று நினைத்துப் போட்டுக் கொடுத்தான்.

ஏரியில் யார் எந்த நாள் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று ஊரார் வைத்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் பாடு கிடைத்தவன் வீட்டில் அன்றைக்கு இறால் குவியும். அந்தப் பாட்டை இன்னொருவருக்கு விட வேண்டுமானால் கைப்பட எழுதிக் கொடுக்க வேண்டும். கூட்டத்தில் படித்துவிட்டால் அப்புறம் பேச்சே இல்லை. பதினாலாம் தேதி சிங்காரத்தின் முறை.

பதிமூன்றாம் தேதி சாயங்காலம் கூட்டம் கூடியது. லோகநாயகி கடிதத்தை ஊர்த்தலைவர் ஜெகதீஸ்வரனிடம் நீட்டினாள். தன் பாட்டைத் தன் தம்பி கோபாலுக்கு விடுவதாகச் சொன்னாள். தலைவர் கண்ணாடி போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து உரக்கப் படித்தார். வஞ்சிரத்தையும் விடவில்லை. ஊர்ப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சிங்காரத்துக்கு ஏரியில் குதித்துவிடலாம் போலிருந்தது.

"தலைவரே, அது சும்மா எழுதினது."

"எது சும்மா? பாடா, பிரியமா?" என்றார் தலைவர். "ஒரே கையெழுத்து தான கீது. ஒண்ணு சும்மான்னா எல்லாமே சும்மா தான்."

லோகநாயகி புருஷன் முகத்தையே பார்த்தாள். ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள். பிரியம் பொய் என்று சொல்லிவிட்டு அந்த வீட்டில் அப்புறம் எவன் சோறு தின்பது?

"எல்லாம் மெய்தான்," என்றான் சிங்காரம்.

மறுநாள் கோபாலுக்கு ஓர் ஆள் குறைந்தது. சிங்காரம் சொந்தப் பாட்டுக்கே கூலிக்குப் போனான். அன்றைக்கென்று பார்த்து இறால் பெட்டி பெட்டியாக விழுந்தது. கோபால் கொடுத்த பாட்டுப் பணத்தோடு லோகநாயகி பொன்னேரி பஸ் ஏறி, சாயங்காலம் கொலுசு குலுங்கத் திரும்பி வந்தாள்.

சிங்காரம் குழைந்துகொண்டே பக்கத்தில் போய் உட்கார்ந்தான். அந்தக் கடிதத்தை இன்னொரு தடவை ஆசையாகப் படித்துப் பார்க்க வேண்டும் என்றான். அவள் மறுபேச்சு பேசாமல் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். வாங்கின வேகத்தில் கிழிக்கப் பார்த்தான்.

பொன்னேரியிலேயே லேமினேஷன் போட்டு வாங்கி வந்திருந்தாள்.