சிக்னலை மறிக்கும் மகான்

அரங்கத்தில் எள் விழ இடமில்லை. மூளைக் கட்டியின் செல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டுதான் வளர்கின்றனவாம். அந்தப் பேச்சைக் காதால் கேட்டு, கையால் மறித்துவிடுவாராம் சிக்னல் மகான். ஆராய்ச்சிக்கூடங்கள் வருஷக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிற வேலையை, தலையில் ஒரு செம்புக் கிரீடத்தை மாட்டிக்கொண்டு ஒரே காலைப் பொழுதில் முடித்துவிடுகிறார். கூட்டம் வராமல் என்ன செய்யும்?

தையல்காரியும் வந்திருந்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு. கட்டி அவள் கணவர் தலையில். பேருந்து ஓட்டுநரான அவரை இங்கே இழுத்து வந்தது அவருடைய அக்கா.

டாக்டர் கொடுத்திருந்ததும் மறிக்கிற மாத்திரைதான். "கட்டி செல்லுக்குள்ள 'வளரு, ரெண்டாகு'ன்னு ஒரு செய்தி கைமாறிக் கைமாறிப் போகுதும்மா. இது அந்த வழியை அடைக்கும். வளர்ச்சி குறையலாம், சில செல் சாகலாம். சிலது குறுக்கு வழி கண்டுபிடிச்சாலும் பிடிச்சிடும். ஸ்கேன் பார்த்துத்தான் சொல்ல முடியும்" என்றார்.

இப்படி இழுக்கிற ஆளை யாருக்குப் பிடிக்கும்? மகானிடம் இழுவையே கிடையாது. "முழுசா போயிடும். மாத்திரையை நிறுத்து. ஒரே வழியை ரெண்டு பேர் மறிச்சா மோதிக்கும்" என்றுவிட்டார். ஓட்டுநரும் நிறுத்திவிட்டார். தையல்காரி நாட்களை எண்ணத் தொடங்கினாள். மாத்திரை இல்லாத ஒவ்வொரு நாளும் கட்டிக்குத்தான் லாபம்.

போன முறை மகான் கண்ணை மூடி, "கட்டி வலது பக்கம்" என்றதும் நாத்தனாருக்குப் புல்லரித்துவிட்டது. கட்டி இருப்பதோ இடது பக்கம். தன் தங்கைக்குப் போனில் அனுப்பிய செய்தியில், பதற்றத்தில் வலது என்று தப்பாக எழுதியவள் தையல்காரி. அவள் செய்த தப்பு கட்டிக்கு எப்படித் தெரிந்தது?

வாசலில் எல்லாருடைய போனையும் வாங்கி வைக்கிறார்கள். செல்களின் பேச்சுக்கு இடைஞ்சலாம். பூட்டையும் திறந்தே கொடுக்க வேண்டும். பூட்டிய போனுக்குள் ஆசி நுழையாதாம்! இன்று தையல்காரி கொடுத்தது, எதிர்வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்கிவந்த போன்.

ஓட்டுநர் மேடையேறி உட்கார்ந்தார். மகான் கண்ணை மூடினார்.

"செல்லெல்லாம் பேசுது... போன வாரம் தபால்காரரைக் கடிச்சியா?"

ஓட்டுநர் திருதிருவென்று விழித்தார். "தம்பி கொஞ்சம் கோபக்காரன்தான் சாமி!" என்று அக்கா முந்திக்கொண்டாள். கூட்டம் "ஆகா!" என்றது.

"ராத்திரியெல்லாம் குரைச்சு அக்கம்பக்கத்தைத் தூங்கவிடலை. வாலுக்குக் கீழே..." மகான் சட்டென்று நிறுத்தினார்.

"சொல்லுங்க" என்றாள் தையல்காரி. "வாலுக்குக் கீழே?"

பின் வரிசைக்காரர்கள் எக்கிப் பார்த்தார்கள், உண்மையிலேயே வால் இருக்கிறதா என்று.

"அதெல்லாம் எதிர்வீட்டு நாயைப் பத்தின சேதி. நான் கொடுத்த போனும் அவங்களோடதுதான்."

மகான் துள்ளி எழுந்தார். கிரீடம் கழன்று மைக் அருகே உருண்டது. அதற்குள்ளிருந்து ஒரு குரல் அரங்கமே கேட்கக் கதறியது: "அண்ணே, நிறுத்துங்க! அது நாய்ண்ணே, நாய்!"

ஊரார் சிக்னலையெல்லாம் மறிக்கிறவருக்குத் தன் சிக்னலை மறிக்கத் தெரியவில்லை, பாவம்.

பின்னறைக்கு ஓடியவர்கள், தங்கள் போன்களைப் பரப்பி வைத்து உதவியாளர் படித்துக்கொண்டிருந்ததைக் கண்டார்கள். மகான் கம்பி நீட்டிவிட்டார். "உன் உயிரோட விளையாடிட்டேனேடா" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். தையல்காரிக்கு அவளைத் திட்டக்கூட மனம் வரவில்லை.

மறுநாள் டாக்டர் அறையில் அதே அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இந்த மாத்திரை நிச்சயமா கேக்குமா? எத்தனை பேருக்குக் கேட்டிருக்கு? பக்கவிளைவு என்ன? ஆதாரம் எங்கே?"

டாக்டர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். சிலவற்றுக்கு, "இன்னும் தெரியாதும்மா" என்றார். ஓட்டுநர் மாத்திரையை விழுங்கினார். விட்டுப்போன நாட்களில் கட்டி என்ன செய்ததோ, அதை இனி ஸ்கேன்தான் சொல்ல வேண்டும்.

அக்காவின் கேள்விகளில் ஒரு குறையும் இல்லை. படித்துவிட்டு மருந்து கொடுத்தவரிடம் அத்தனை கேட்டோமே, செம்பை மாட்டிக்கொண்டு மருந்தைப் பிடுங்கியவனிடம் ஒன்றே ஒன்று கேட்க ஏன் நமக்கு வாய் வரவில்லை?